கொத்தமல்லிக் கட்டுக்குள் ஒரு பச்சைப் பூச்சி: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், செடியில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியைப் பற்றி, அது நாறும் என்று போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாமே அந்த நாற்றத்தைப் பற்றித்தான். அதனால் இந்த முறை வேறு கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வாங்கிய கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தபோது உள்ளே தட்டையாக ஒரு பச்சைப் பூச்சி இருந்தது. விரலால் தட்டிவிட்டேன், கையெல்லாம் நாற்றம். ஆனால் அந்த நாற்றத்துக்குள் கொத்தமல்லி வாசமும் இருந்தது ஐயா. பூச்சி தழையைத் தின்று அந்த வாசம் வந்ததா, இல்லை பூச்சியின் நாற்றம் தழையில் ஏறிவிட்டதா? பயந்துபோய்க் கட்டையே தூக்கிப் போட்டுவிட்டேன்.
– ஒரு வாசகி, மேலூர்

அம்மா, இரண்டும் இல்லை. உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கொத்தமல்லித் தழையின் வாசத்தில் டெசினால் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. (நம் ஊரில் மல்லி என்றாலே பூ நினைவுக்கு வரும், அதனால் கொத்தமல்லி என்றே எழுதுகிறேன்.) அதே டெசினாலைப் பச்சை நாவாய்ப்பூச்சி தன் உடம்புக்குள்ளேயே தயாரித்துச் சுரப்பியில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. செடியிடமிருந்து அது கடன் வாங்கவில்லை. கத்தரிக்காய், பீன்ஸ் என்று வேறு எதில் வளர்ந்தாலும் அந்த நாற்றம் வரும். செடி ஒரு பக்கம், பூச்சி ஒரு பக்கம், இரண்டும் தனித்தனியாக ஒரே பொருளைச் செய்கின்றன.

மூட்டைப்பூச்சியின் நாற்றமும் இதே குடும்பத்துச் சரக்குதான், ஹெக்சினால், ஆக்டினால் என்று டெசினாலுக்குத் தம்பிகள். கிரேக்க மொழியில் கோரிஸ் என்றால் மூட்டைப்பூச்சி, கொத்தமல்லிக்கு மேல்நாட்டு மொழிகளில் இருக்கும் பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று சொல்வார்கள். சிலருக்குக் கொத்தமல்லித் தழையை வாயில் வைத்தாலே சோப்பைக் கடித்த மாதிரி இருக்கும். அதற்கும் இந்த வகைப் பொருள்களை மோப்பம் பிடிக்கும் ஒரு மரபணுவுக்கும் தொடர்பு இருப்பதாக 2012ல் ஒரு ஆய்வு வந்தது. வீட்டில் யாராவது ரசத்தில் தழை போடாதே என்று சொன்னால் அது வீம்பு இல்லை, அவர்கள் நாக்குக்கும் மூக்குக்கும் உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. அந்தச் செடியே காய் முற்றும்போது வாசத்தை மாற்றிக்கொள்கிறது. பச்சைத் தழைக்கும் பச்சைக் காய்க்கும் ஒரு வாசம், காய்ந்த விதைக்கு வேறு வாசம், அதில் லினலூல் என்ற வேறு பொருள் மேலோங்கி நிற்கிறது. பூச்சியும் வயதுக்கு ஏற்றபடி வாசத்தை மாற்றுகிறது, அதைக் கீழே சொல்கிறேன். கட்டைத் தூக்கிப் போட்டதுதான் வீண் அம்மா, இரண்டு தண்ணீரில் அலசினால் போதும்.

தோட்டத்துத் தட்டைப்பயறுச் செடியில் நாவாய்ப்பூச்சிக் குஞ்சு ஒன்றைப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வயிற்றின் முதுகுப் பக்கம் நடுக்கோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று தட்டுகள், மேலே இருப்பது சின்னதாக, கீழே இரண்டும் பெரிதாக. அதே இனத்துப் பெரிய பூச்சியின் சிறகைத் தூக்கிப் பார்த்தால் அங்கே அழிந்த தடம் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் பெரிய பூச்சிதான் அதிகம் நாறுகிறது. அப்படியென்றால் நாற்றம் எங்கிருந்து வருகிறது?
– கல்லூரி மாணவர், வாடிப்பட்டி

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். சிறகைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே, அதுதான் முக்கியம்.

நீ பார்த்த மூன்று தட்டுகளும் குஞ்சின் நாற்றச் சுரப்பிகள் வெளியே திறக்கும் இடங்கள். முட்டையிலிருந்து வந்த நாளிலிருந்து ஐந்து பருவம், ஐந்து முறை சட்டை உரிக்கும் வரை, பூச்சி இந்த முதுகுச் சுரப்பிகளைத்தான் நம்பி இருக்கிறது. குஞ்சுக்குச் சிறகு கிடையாது, பிந்தைய பருவங்களில் தோளில் சின்ன மொட்டு மாதிரி வரும், அவ்வளவுதான். முதுகு திறந்து கிடக்கிறது. மேலே இருந்து ஒரு எறும்போ சிலந்தியோ பல்லியோ வந்து கவ்வினால் முதலில் படுவது முதுகு, அங்கேயே மருந்து இருக்கிறது.

ஐந்தாவது சட்டையை உரித்ததும் கதை மாறிவிடுகிறது. இப்போது சிறகு முழுசாக வளர்ந்து முதுகின் மேல் மூடிபோல் படிகிறது. முதுகில் சுரப்பி திறந்தால் திரவம் சிறகுக்கு அடியில்தான் தேங்கும், எதிரிமேல் படாது. அதனால் பெரிய பூச்சிக்கு வேறு சுரப்பி. மார்பின் கடைசிக் கண்டத்துக்குள், அடிப்பக்கமாக ஒரு பை இருக்கிறது, பச்சை நாவாய்ப்பூச்சியை அறுத்துப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் தெளிவாகத் தெரியும். அது வெளியே திறப்பது நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு துளை. பூச்சியை மல்லாக்கப் போட்டு உன் லென்ஸை அங்கே வை. துளையிலிருந்து பக்கவாட்டில் ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். அதைச் சுற்றி உடம்பின் மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்க, அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் குடை குடையாகக் காளான் முளைத்த தரை மாதிரி தெரியும். வெளியே வந்த திரவம் ஒரேயடியாக உடம்பெல்லாம் பரவாமல் அந்தக் காளான் காட்டுக்குள் தங்கி மெதுவாக ஆவியாகிறது. அதனால்தான் ஒரு தடவை தொட்ட பூச்சியின் நாற்றம் அறையில் அவ்வளவு நேரம் நிற்கிறது.

முதுகுச் சுரப்பி பெரும்பாலான இனங்களில் அதன்பின் ஓய்ந்துபோகிறது, நீ பார்த்த தடம் அதன் மிச்சம். சில இனங்களில் அதில் ஒன்று பெரிய பூச்சியிலும் கொஞ்சம் வேலை செய்யும்.

இன்னொன்றையும் கவனி. குஞ்சு உரித்துப் போட்ட சட்டையை மோந்து பார், அதிலும் நாற்றம் இருக்கும். சுரப்பியின் உள்பக்கம் என்பது வெளித்தோல் உள்ளே மடிந்து போனதுதான், அதனால் சட்டை உரியும்போது பையின் உள்தோலும் சேர்ந்தே கழன்று வருகிறது, அதில் சேர்ந்திருந்த திரவமும் அதோடு போய்விடுகிறது. ஒவ்வொரு பருவத்திலும் பூச்சி மறுபடி முதலிலிருந்து சுரந்து சேர்க்க வேண்டும். உடம்பும் அப்போதுதான் வெளுத்து, மெத்தென்று, ஓடவும் முடியாமல் இருக்கும். பூச்சியின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் இரக்கம் வரும் நேரம் அதுதான்.

முட்டை பொரித்த குஞ்சுகள் முட்டை ஓட்டைச் சுற்றியே வட்டமாக உட்கார்ந்திருக்கின்றன, இரண்டு நாளாக எதுவும் தின்னவில்லை. ஒருமுறை கிட்டப்போய் மூச்சு விட்டதும் எல்லாம் சிதறிவிட்டன. இவற்றுக்குள் யார் யாருக்குச் சொல்கிறார்கள்?
– அதே மாணவர்

இதைத் தனிக் கேள்வியாகவே போட்டேன், அதற்குத் தகுதி உண்டு.

முதல் பருவக் குஞ்சு செடியைக் குத்திச் சாறு உறிஞ்சாது. தாய் முட்டைமேல் பூசிவிட்டுப் போன நுண்ணுயிர்களை முட்டை ஓட்டிலிருந்து உறிஞ்சிக் குடலில் சேர்த்துக்கொள்வதுதான் அதன் முதல் வேலை. அது இல்லாவிட்டால் பல இனங்களில் குஞ்சு சரியாக வளராது. அதனால் கூட்டம் அங்கேயே இருக்க வேண்டும், இருக்க வைப்பது வாசம்தான்.

பச்சை நாவாய்ப்பூச்சியின் முதுகுச் சுரப்பியில் டிரைடெக்கேன் என்ற எண்ணெய் போன்ற பொருள் இருக்கிறது. 1985ல் லாக்வுட், ஸ்டோரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் முதல் பருவக் குஞ்சுகளை வைத்துப் பார்த்துச் சொன்னார்கள்: அந்தப் பொருள் துளியூண்டு இருந்தால் குஞ்சுகள் ஒன்றை நோக்கி ஒன்று வந்து ஒட்டிக்கொள்கின்றன, அதே பொருள் மிகுந்துவிட்டால் கலைந்து ஓடுகின்றன. சொல் ஒன்றுதான். மெதுவாகச் சொன்னால் "இங்கேயே இருங்கள்", சத்தமாகச் சொன்னால் "ஓடுங்கள்". உன் மூச்சுக்காற்று பட்டதும் ஒன்றிரண்டு குஞ்சு பயந்து சுரப்பியைத் திறந்திருக்கும், வாசம் அளவு மீறிப் போயிருக்கும், கூட்டம் கலைந்துவிட்டது. இதைப் படித்த நாளிலிருந்து நாற்றம் என்ற வார்த்தையையே நான் கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன். பழந்தமிழில் அதற்கு நறுமணம் என்ற பொருளும் இருந்தது, இந்தக் குஞ்சுகளுக்கு அந்தப் பழைய பொருள் பொருந்தும்.

டிரைடெக்கேனோடு இன்னொரு பொருளும் இருக்கிறது, ஆக்சோடெசினால். பல இனங்களில் இது முதல் பருவக் குஞ்சுக்கே உரியது. இரண்டாம் பருவத்திலிருந்து கலவை மாறுகிறது, ஹெக்சினாலும் டெசினாலும் ஏறுகின்றன, அதாவது எதிரியைச் சுடும் சரக்கு ஏறுகிறது. 1992ல் போர்ஜஸ், ஆல்ட்ரிச் என்பவர்கள் பல இனங்களைப் பருவம் பருவமாகப் பிரித்து அலசி இதைக் காட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது, முதல் பருவத்தில் கூடி இருப்பதே பாதுகாப்பு, அப்புறம் உணவுக்காகப் பிரிந்து போக வேண்டியிருக்கிறது, தனியாகப் போகிறவன் கையில் கம்பு வேண்டும்.

வளர்ந்த பிறகும் டிரைடெக்கேன் சும்மா இல்லை. அது எறும்பின் மெழுகுத் தோலில் பரவி, கூட வரும் டெசினால் போன்ற ஆல்டிஹைடுகள் உள்ளே இறங்க வழி செய்கிறது. மருந்தும் அதைக் கரைக்கும் எண்ணெயும் ஒரே பையில்.

வயலில் கதிர் பால் பிடிக்கும் சமயம் வரப்பில் நடந்தாலே கதிர் நாவாய்ப்பூச்சி வாடை அடிக்கிறது. பூச்சியைப் பிடித்து அரைத்துத் தண்ணீரில் கலந்து தெளித்தால் மற்ற பூச்சி ஓடிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? அரிசியில் வாடை ஏறுமா?
– விவசாயி, சோழவந்தான்

ஐயா, ஓடுவது உண்மை, ஆனால் எவ்வளவு நேரத்துக்கு என்பதுதான் கேள்வி. இந்தப் பொருள்கள் எல்லாம் காற்றில் சீக்கிரம் பறந்துவிடும் சரக்கு. கதிர் நாவாய்ப்பூச்சி பச்சை நாவாய்ப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம்தான், வேறு குடும்பம். ஒல்லியாக, நீளமாக, நீண்ட காலோடு இருக்கும். அதன் சுரப்பியில் ஆக்டினாலும் ஆக்டைல் அசிட்டேட்டும் இருக்கின்றன. அரைத்துத் தெளித்தால் பூச்சி எழுந்து பக்கத்துப் பாத்திக்குப் போகும், வாசம் போனதும் திரும்பி வரும். அரைக்கிறவர் கையும் கண்ணும்தான் எரியும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

வாடையைவிட எண்ணிக்கையைப் பாருங்கள். காலையிலோ சாயங்காலமோ வெயில் தாழ்ந்த நேரத்தில் வயலில் குறுக்கே நடந்து நூறு கதிரை எண்ணுங்கள். பூக்கும் சமயத்தில் நூறு கதிருக்கு 5 பூச்சி, பால் பிடித்ததிலிருந்து முற்றும் வரை நூறு கதிருக்கு 16 பூச்சி, இதுதான் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் எல்லை. அதற்குக் கீழே இருந்தால் காசைக் கரைக்க வேண்டாம். தாண்டினால் முதலில் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம். அதற்கும் முன்னால் வரப்புப் புல்லைச் சுத்தம் செய்யுங்கள், நெல் பால் பிடிக்கும் வரை பூச்சி அந்தப் புல்லில்தான் காத்திருக்கிறது. பெரியாறு பாசனத்தில் இருபோகம் விளையும் உங்கள் பக்கம், ஒருவர் முன்னால் நட்டு ஒருவர் பின்னால் நட்டால் பூச்சிக்குப் பந்தி முடிவதே இல்லை, கூடியவரை பக்கத்து வயல்காரரோடு பேசி ஒரே சமயத்தில் நடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மெட்டாரைசியம் போன்ற, பூச்சியைக் கொல்லும் பூஞ்சாணத்தை மருந்தாக நாவாய்ப்பூச்சிக்கு அடித்து, ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. பச்சை நாவாய்ப்பூச்சியில் பார்த்திருக்கிறார்கள், டெசினால் அந்தப் பூஞ்சாணத்தின் விதை முளைப்பதையே தடுக்கிறது. நாம் நாற்றம் என்பது பூச்சிக்கு மஞ்சள் பூசிய மாதிரி.

ஆனால் அதே டெசினால் பூச்சியைக் காட்டியும் கொடுக்கிறது. நாவாய்ப்பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் ஒரு சின்னஞ்சிறு கருப்புக் குளவி இருக்கிறது, டிரிசோல்கஸ். கொசுவைவிடச் சிறியது. அது அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் முட்டைக் கூட்டத்தைத் தேடி வருகிறது. 1933ல் எகிப்திலிருந்து இந்தக் குளவியை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய்ப் பச்சை நாவாய்ப்பூச்சிக்கு எதிராக விட்டார்கள். பார்த்த இடத்திலெல்லாம் கடும் விஷத்தைத் தெளித்தால் முதலில் சாவது இப்படிப்பட்ட குளவிகள்தான் ஐயா.

அரிசிக்கு வருவோம். பால் பிடிக்கும்போது குத்திய மணி பதராகும், பாதி முற்றியதைக் குத்தினால் அரிசியில் பழுப்புப் புள்ளி விழும், விலை குறையும். வைக்கோலில் வாடை கொஞ்ச நாள் இருக்கலாம், காயக் காயப் போய்விடும்.

மொச்சைக் கொடித் தண்டில் பாசி கோர்த்தது போல் உருண்டையாகப் பச்சைப் பூச்சி அப்பியிருக்கிறது. தொட்டால் அதே நாற்றம். இதுவும் அந்த வகைதானா?
– உசிலம்பட்டி வாசகர்

அந்த உறவுதான், கிளை வேறு. இதன் தாய் முட்டை வைக்கும்போதே அடியில் பழுப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகளையும் வைத்துவிட்டுப் போகும், உள்ளே நுண்ணுயிர். பொரித்த குஞ்சு முதலில் தேடிப் போய் உறிஞ்சுவது அதைத்தான். கட்டுச்சோறு கட்டி வைத்துவிட்டுப் போகிற தாய். தண்டோடு ஒட்டிக் கூட்டமாக இருப்பதால் காலையில் சோப்புத் தண்ணீர் வாளியை அடியில் பிடித்துக் கொடியை உலுக்கினால் பெரும்பகுதி விழுந்துவிடும்.

என் மகள் பூச்சியை நசுக்கிய கையால் கண்ணைக் கசக்கிவிட்டாள். ஒரே எரிச்சல், அழுகை. விரலில் மஞ்சள் கறை இரண்டு நாள் போகவே இல்லை. ஆபத்தா?
– ஒரு தாய், திருமங்கலம்

உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான், ஓடும் சுத்தமான தண்ணீரில் பத்து பதினைந்து நிமிஷம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவ வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதுவும் விடாதீர்கள். எரிச்சலோ சிவப்போ அடுத்த நாளும் இருந்தாலும், பார்வை மங்கினாலும், வெளிச்சம் பார்க்கக் கூசினாலும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். இந்தத் திரவம் எறும்பின் தோலையே துளைக்கப் படைக்கப்பட்டது, கண்ணின் மென்மையான தோலுக்கு அது சாதாரணம் இல்லை. விரல் கறை திரவம் தோலோடு வினை செய்து வருவது, தேய்த்துப் புண்ணாக்க வேண்டாம், மேல்தோல் உதிரும்போது தானே போகும்.

ஐப்பசி மழை விட்டதும் ராத்திரி டியூப்லைட்டைச் சுற்றிக் கருப்பாக மிளகு மாதிரி பூச்சி வந்து சோற்றில் விழுகிறது, கடித்தால் குமட்டுகிறது.
– பேரையூர் வாசகர்

மண்ணைத் தோண்டி வாழும் நாவாய்ப்பூச்சி வகை அது. நிலம் நனைந்ததும் கூட்டமாக வெளிவரும். விஷம் இல்லை. சாப்பிடும் நேரம் மட்டும் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு மஞ்சள் விளக்கைப் போடுங்கள், வாசல் பக்கம் ஒரு விளக்கை எரியவிட்டால் கூட்டம் அங்கே போய்விடும். துடைப்பத்தால் நசுக்காமல் முறத்தில் கூட்டி அள்ளுங்கள்.

மாமா, நான் ஆறு பச்சை நாவாய்ப்பூச்சியைப் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடினேன். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் செத்துவிட்டன. உள்ளே பயங்கர நாற்றம். பூச்சிக்குத் தன் நாற்றம் ஒன்றும் செய்யாதா?
– ஏழாம் வகுப்பு மாணவன், அலங்காநல்லூர்

செய்யும் கண்ணா. அதனால்தான் செத்துப்போயின. வெளியே இருக்கும்போது திரவம் காற்றில் கலைந்து போகும். பாட்டிலுக்குள் போகிற வழி இல்லை. பயந்துபோன ஆறு பூச்சியும் சுரப்பியைத் திறந்திருக்கும், அந்த ஆவியே அவற்றை மயங்க வைத்துவிட்டது. பூச்சி பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது இது நடந்திருக்கும், எனக்கும் உன் வயதில் நடந்தது. உடம்புக்குள் இருக்கும்போது மட்டும் ஏன் சுடவில்லை என்றால், அந்தப் பையின் உள்பக்கம் கெட்டியான தோல் இருக்கிறது, திரவம் அதைத் தாண்டி ரத்தத்துக்குள் வராது.

மறுபடி செய், இந்த முறை இப்படி. அகலமான பாட்டிலின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டு, மூடி வேண்டாம். பெரிய பூச்சி வேண்டாம், இலையின் அடியில் ஒட்டியிருக்கும் முட்டைக் கூட்டம் ஒன்றை இலையோடு கிள்ளி எடு, வரிசை வரிசையாகச் சின்னப் பீப்பாய் அடுக்கியது போல் வெளிர்மஞ்சளாக இருக்கும், பொரிக்கிற சமயம் செம்மையாகும். கறுத்துப்போனால் உள்ளே குளவி இருக்கலாம், அதையும் தூக்கிப் போடாதே, என்ன வெளியே வருகிறது என்று பார். குஞ்சு வந்ததும் முதல் சட்டை உரிக்கும் வரை சாப்பாடு வேண்டாம், நனைத்த பஞ்சு ஒன்று போதும். அப்புறம் பீன்ஸ் காயும் பச்சை வேர்க்கடலையும் போட்டு இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்று. ஏறக்குறைய ஒரு மாதத்தில் சிறகு வரும். உரித்த சட்டைகளை ஒரு காகிதத்தில் தேதி எழுதி ஒட்டி வை, முதுகில் மூன்று தட்டும் சட்டையிலேயே தெரிகிறதா என்று பார்த்து எனக்கு எழுது.